வேலிக்கு இந்தப் பக்கம்: வெளிநாட்டு விமான நிலையங்களில் கேமராவோடு

டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் காலை நேரமென்றால் முதலாம் டெர்மினலின் மொட்டைமாடிக்கும், மதியத்துக்கு மேலென்றால் இரண்டாம் டெர்மினலின் மொட்டைமாடிக்கும் போக வேண்டும். முதலாவது மேற்கு பார்த்தது. காலை வெயில் படமெடுப்பவரின் முதுகில் விழும். எதிரே ஊர்ந்துபோகும் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்தின் பக்கவாட்டு முழுவதும் வெளிச்சம் பாயும். வானம் தெளிந்த குளிர்கால நாளில் வால்களின் வரிசைக்குப் பின்னால் ஃபியூஜி மலையும் தெரியும். இரண்டாவது கிழக்கே டோக்கியோ விரிகுடாவைப் பார்த்தது. ஆல் நிப்பான் ஏர்வேஸின் நீல வெள்ளை விமானங்கள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. இரண்டு மாடிகளுக்கும் கட்டணம் இல்லை, பயணச்சீட்டு கேட்பாரும் இல்லை. பேரப்பிள்ளைகளைக் கூட்டிவரும் தாத்தாக்களுக்கு நடுவில், முழங்கை நீள லென்ஸோடு ஒருவர் நிற்பதை அங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

விமானப் படங்களில் ஆர்வம் கொண்டவர் வெளிநாட்டில் முதலில் எங்கே போகலாம் என்று கேட்டால், தயங்காமல் சொல்லக்கூடிய விடை ஜப்பான். விமானம் பார்ப்பது அங்கே குடும்பத்தோடு செய்யும் காரியம். விமான நிலையங்களே அதற்கு இடம் ஒதுக்கித் தருகின்றன. நாகோயாவின் சென்ட்ரேர் நிலையத்தில் பார்வையாளர் மாடம் விமானங்கள் நிற்கும் தளத்துக்குள்ளேயே நீண்டு போகிறது. அதன் நுனியில் நின்று மேற்கே பார்த்தால் ஓடுபாதையும், அதற்கு அப்பால் இசே விரிகுடாவில் இறங்கும் சூரியனும் ஒரே சட்டகத்தில் அகப்படும். நரிட்டாவில் ஓடுபாதையின் வடமுனையருகே சகுரா நோ யாமா என்ற பூங்கா இருக்கிறது. செர்ரி பூக்கும் நாட்களில் கிளைகளுக்கு மேலே விமானங்கள் கடந்துபோகும். ஒசாகாவின் இட்டாமி நிலையத்தை ஒட்டிய சென்றி ஆற்றங்கரையில், இறங்கும் விமானம் தலைக்கு மேல் மிகத் தாழ்வாகப் போகும். இட்டாமியில் உள்நாட்டு விமானங்கள் மட்டுமே, அதுவும் காலை 7 மணி முதல் இரவு 9 மணி வரைதான். பயணத் திட்டம் போடும்போது இதை மனத்தில் வைக்க வேண்டும்.

ஹனேடாவில் காலைக்கு ஒரு மாடி, மாலைக்கு இன்னொரு மாடி என்பதில்தான் இந்தக் கலையின் பாதி அடங்கியிருக்கிறது. நல்ல லென்ஸ் வாங்கப் பணம் சேர்ப்பவர்கள் பலர். எந்த இடத்தில், எந்த நேரத்தில், எந்தத் திசை பார்த்து நிற்பது என்று ஊரிலிருந்து கிளம்புமுன்பே வரைபடத்தை விரித்துவைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. படம் அமைவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வேலையால்தான்.

எண்ணைப் படித்தால் திசை தெரியும்

ஒவ்வொரு ஓடுபாதையின் முனையிலும் பெரிதாக ஓர் எண் எழுதியிருக்கும். அதைப் பத்தால் பெருக்கினால், அந்த முனையிலிருந்து ஓடும் விமானம் எத்தனை பாகைத் திசையை நோக்கியிருக்கும் என்பது ஏறத்தாழத் தெரிந்துவிடும். 27 என்றால் 270 பாகை, அதாவது மேற்கு. 09 என்றால் கிழக்கு. 36 என்றால் வடக்கு. ஒரே பாதைக்கு இரு முனைகளிலும் இரு எண்கள். இரண்டுக்கும் இடையே எப்போதும் 18 வித்தியாசம். இணையான பாதைகள் இருந்தால் இடம், நடு, வலம் என்பதைக் குறிக்க எல், சி, ஆர் என்ற எழுத்துகள் சேரும்.

விமானம் எதிர்க்காற்றில்தான் ஏறவும் இறங்கவும் விரும்பும். மேல்காற்று அடிக்கும் நாளில் 27ஆம் பாதையில் இறங்கும் விமானம் கிழக்கிலிருந்து வரும். ஆகவே இறங்குவதைப் படமெடுக்க நிலையத்தின் கிழக்கு முனையில் நிற்க வேண்டும். காற்று திரும்பிவிட்டால் கடையை எடுத்துக்கொண்டு மறுமுனைக்குப் போக வேண்டியதுதான். பூமியின் வடபாதியில், கிழக்கு மேற்காக ஓடும் பாதைக்குத் தெற்கே நின்று வடக்கே பார்த்தால் நாளின் பெரும்பகுதி வெயில் முதுகில் இருக்கும். லாஸ் ஏஞ்சலஸ் நிலையத்தின் தெற்கேயுள்ள இம்பீரியல் ஹில் என்ற மேட்டில் ஆண்டு முழுவதும் ஆட்கள் நிற்பதற்கு இதுவே காரணம்.

லண்டன் ஹீத்ரோவில் இன்னொரு கணக்கும் சேர்கிறது. அங்கே மேற்கு நோக்கி இறங்கும் நாட்களே அதிகம். பிக்கடில்லி ரயில் தடத்தில் ஹாட்டன் கிராஸ் நிலையத்தில் இறங்கிச் சிறிது நடந்தால் மிர்ட்டில் அவென்யூ என்ற குடியிருப்புத் தெரு. அதன் முனையிலுள்ள புல்வெளிக்கு மிக அருகே, 27எல் பாதையில் இறங்கும் விமானங்கள் வீட்டுக் கூரைகளை உரசுவது போலக் கடந்துபோகும். உலகெங்கும் பெயர்பெற்ற இடம் இது. ஆனால் அக்கம்பக்கத்தில் வசிப்பவர்களின் காதுக்கு ஓய்வு தருவதற்காக, மேற்கு நோக்கி இயங்கும் நாட்களில் ஹீத்ரோ நிர்வாகம் பிற்பகல் 3 மணிக்கு இறங்கும் பாதையை மாற்றிவிடும். ஒரு வாரம் காலையில் தென்பாதை என்றால் அடுத்த வாரம் காலையில் வடபாதை. இந்த அட்டவணை முன்கூட்டியே வெளியாகிறது. அதைப் பார்க்காமல் போகிறவர், தமக்குப் பிடித்த ஏ380 தொலைவில் வடக்கே இறங்குவதைப் பார்த்துக்கொண்டு மூன்று மணி வரை உட்கார்ந்திருப்பார்.

தமிழகத்திலிருந்து மிகுதியாகப் பயணம் போகும் சிங்கப்பூருக்குப் பருவக்காற்றே அட்டவணை. சாங்கி நிலையத்தின் பாதைகள் 02, 20 என்று ஏறத்தாழ வடக்கு தெற்காக ஓடுகின்றன. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசுகையில் விமானங்கள் வடக்கே கடலுக்கு மேலாக வந்து, சாங்கி கடற்கரைப் பூங்காப் பக்கமாகத் தாழ்ந்து இறங்கும். மணலில் நிற்பவர்களையும் சக்கரம் விரித்து வரும் விமானத்தையும் ஒரே படத்தில் அடக்கலாம். டிசம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்றில் இது தலைகீழாகும். அதே கடற்கரை மேல் அப்போது புறப்படும் விமானங்களே, அதுவும் உயரத்தில் போகும். நிலநடுக்கோட்டுக்கு மிக அருகே இருப்பதால் உச்சிவெயில் அங்கே உண்மையிலேயே உச்சியில் அடிக்கும். இறக்கையின் நிழல் உடல் முழுவதும் கருப்பாக விழும். காலை ஒன்பதரைக்குள்ளும் மாலை நாலரைக்குப் பிறகும் எடுப்பதே நல்லது.

வெயில் ஏறினால் வரும் இன்னொரு தொல்லை கானல். சூடான தார்ப்பரப்புக்கு மேலே காற்று அலையும்போது, தொலைவில் நிற்கும் விமானத்தின் சன்னல் வரிசை நெளிந்துவிடும். எந்த விலையுயர்ந்த லென்ஸும் இதைச் சரிசெய்யாது. கணினியில் கூர்மைப்படுத்தினால் இன்னும் அசிங்கமாகும். அருகில் போவது, விடியலில் வருவது, இல்லையென்றால் விமானம் தரையை விட்டு மேலேறிய பிறகு எடுப்பது: இவையே வழி.

கைதும் கடவுச்சீட்டும்

2001 நவம்பரில் பன்னிரண்டு பிரிட்டன்காரர்களும் இரண்டு நெதர்லாந்துக்காரர்களும் தெற்கு கிரீஸின் கலமாட்டா விமானப்படைத் தளத்தில் கைதானார்கள். வால் எண்களைக் குறிப்பேட்டில் எழுதிச் சேர்ப்பது அவர்களுடைய பொழுதுபோக்கு. பிரிட்டனில் தாத்தா காலத்துப் பழக்கம் அது. கிரேக்க அதிகாரிகளின் கண்ணுக்கு உளவு வேலையாகத் தெரிந்தது. வாரக்கணக்கில் சிறையிலிருந்துவிட்டு ஜாமீனில் வெளியே வந்தார்கள். 2002 ஏப்ரலில் நீதிமன்றம் அவர்களைக் குற்றவாளிகள் என்றது. அந்த ஆண்டு நவம்பரில்தான் மேல்முறையீட்டில் விடுதலை கிடைத்தது.

2015 பிப்ரவரியில் ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைரா விமான நிலையத்துக்கு அருகே மூன்று பிரிட்டன்காரர்கள் பிடிபட்டு, ஏறத்தாழ இரண்டு மாதம் காவலில் இருந்தார்கள். 2010 பிப்ரவரியில் டெல்லி விமான நிலையத்துக்கு அருகேயுள்ள ஒரு விடுதியில் ஓடுபாதை தெரியும் அறை கேட்டு வாங்கிய இரண்டு பிரிட்டன்காரர்களையும் காவல்துறை கைது செய்தது. அவர்கள் கையில் கேமராவோடு, விமானிகளின் உரையாடலைக் கேட்கும் கருவியும் இருந்தது.

மூன்று நிகழ்ச்சிகளிலும் ஒன்று பொது: இந்த ஆட்களைச் சந்தேகிக்கவைத்தது கேமரா மட்டுமல்ல. குறிப்பேடு, தொலைநோக்கி, ரேடியோ எல்லாம் சேர்ந்த தோற்றம்தான். விமானிகள் பேசும் அலைவரிசை 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை. அதைக் கேட்கும் சிறு ஸ்கேனர்கள் சில நாடுகளில் கடையில் கிடைக்கும். ஆனால் விமானம் பார்ப்போரின் தாயகம் என்று சொல்லத்தக்க பிரிட்டனிலேயே, தமக்கென்று ஒலிபரப்பாத உரையாடலை அனுமதியின்றிக் கேட்பது சட்டப்படி குற்றம். வெளிநாட்டுப் பயணத்தில் ஸ்கேனரைப் பெட்டியில் வைக்கவே கூடாது. எந்த விமானம் எப்போது வருகிறது என்று அறிய கைப்பேசிச் செயலியே போதும். 2006இல் ஸ்வீடனில் இரண்டு ஆர்வலர்கள் தொடங்கிய ஃப்ளைட்ரேடார்24 இன்று அந்த வேலையைச் செய்கிறது. டிரோன் பற்றிச் சொல்லவே வேண்டாம்: 2018 டிசம்பரில் டிரோன் தென்பட்டதாக வந்த தகவல்களால் லண்டன் கேட்விக் நிலையம் கிறிஸ்துமஸ் நெருக்கடியில் மூடப்பட்டது. மொராக்கோ, எகிப்து போன்ற நாடுகளில் அதைக் கொண்டுபோனாலே சிக்கல்.

பயணிகள் விமானம் மட்டும் இருக்கிறதா, இராணுவமும் அதே ஓடுபாதையைப் பயன்படுத்துகிறதா என்பதுதான் முதலில் விசாரிக்க வேண்டியது. தென்கொரியாவின் பூசான் நகருக்கான கிம்ஹே நிலையம் விமானப்படைத் தளமும்கூட. அங்கே படமெடுக்கத் தடை. கொழும்புக்குப் போகும் தமிழ்ப் பயணிகள் இறங்கும் கட்டுநாயக்கவில் இலங்கை விமானப்படையின் தளம் ஒட்டியே இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்கான பலாலியும் அப்படியே. சென்னையிலிருந்து பலாலிக்குச் சிறு விமானத்தில் போய் இறங்குவது பலருக்கு உணர்ச்சிமிக்க தருணம். படியில் நின்று ஒரு படம் எடுக்கத் தோன்றும். பணியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுப்பது மரியாதை, பாதுகாப்பும்கூட. இதற்கு மாறாக ஒகினாவாவின் நஹா நிலையத்தில் ஜப்பானிய வான்படையின் போர்விமானங்கள் அதே பாதையில் ஏறினாலும், பக்கத்திலுள்ள செனகாஜிமா தீவில் மக்கள் தடையின்றி நின்று படமெடுக்கிறார்கள். நிலைமை ஒன்றாக இருந்தும் நடைமுறை நாட்டுக்கு நாடு இப்படி மாறும். ஆகவே ஒரு நாட்டில் பழகியதை அடுத்த நாட்டில் நம்பிப் போகக் கூடாது.

டெர்மினலுக்குள் குடிவரவு, சுங்கக் கூடங்களில் அநேகமாக எல்லா நாடுகளிலும் கேமராவை உள்ளே வைத்துவிட வேண்டும். அமெரிக்காவில் பாதுகாப்புச் சோதனை நடக்கும் இடத்தைப் படமெடுக்கலாம் என்றே போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் சொல்கிறது. சோதனைக்கு இடையூறு செய்யக் கூடாது, கருவியின் திரையை எடுக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் அதைத் தெரிந்துகொண்டு அங்கே வாதாடுவதில் எந்தப் பயனும் இல்லை. காவலர் வந்து விசாரித்தால் கடவுச்சீட்டின் நகலைக் கொடுத்து, தங்கும் விடுதியின் பெயரைச் சொல்லி, எடுத்த படங்களைத் தாமாகவே காட்டுவதுதான் விரைவான வழி. விமானங்களாகவே அடுக்கியிருக்கும் நினைவட்டையைவிடப் பலமான சாட்சி வேறில்லை.

கடற்கரையில் ஓர் எச்சரிக்கை

கரீபியக் கடலின் சின்ட் மார்ட்டன் தீவில் மாஹோ கடற்கரையைப் பார்க்காத விமான ஆர்வலர் இருக்க முடியாது. பிரின்சஸ் ஜூலியானா நிலையத்தின் ஓடுபாதை 2300 மீட்டர்தான். அது கடற்கரைச் சாலையை ஒட்டித் தொடங்குவதால், இறங்கும் விமானம் குளிப்பவர்களின் தலைக்கு மேலேயே வந்தாக வேண்டும். 2016 அக்டோபர் வரை கே.எல்.எம். நிறுவனத்தின் 747 அங்கே வந்துபோனது. அந்தத் தீவைப் புகழ்பெறச் செய்தது அந்த விமானம்தான். கடற்கரை மதுக்கடையில் ஓர் அலைச்சறுக்குப் பலகையில் அன்றைய வருகை நேரங்களை எழுதிவைப்பார்கள். இங்கே நீண்ட லென்ஸ் உதவாது. விரிந்த கோண லென்ஸே வேண்டும். இல்லையென்றால் சக்கரம் மட்டும்தான் சட்டகத்தில் மிஞ்சும்.

ஆபத்து இறங்கும் விமானத்தால் அல்ல, கிளம்பும் விமானத்தால். வேலியைப் பிடித்துக்கொண்டு எஞ்சின் காற்றை எதிர்த்து நிற்பது அங்கே ஒரு விளையாட்டாகவே நடந்துவந்தது. 2017 ஜூலையில் நியூசிலாந்திலிருந்து வந்த 57 வயதுப் பெண் ஒருவர் அந்தக் காற்றில் தூக்கி எறியப்பட்டு இறந்தார். எச்சரிக்கைப் பலகை அதற்கு முன்பும் இருந்தது. விமானம் பாதையின் முனைக்கு வந்து வாலைக் கடற்கரைப் பக்கம் திருப்பியதும், படமெடுப்பவர் எஞ்சின்களின் நேர்கோட்டை விட்டு விலகி, தெற்கே மணலில் தள்ளி நிற்க வேண்டும். நல்ல படமும் அந்தப் பக்கவாட்டிலிருந்துதான் கிடைக்கும்.

கேமராவில் செய்ய வேண்டியது

கருவியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 100 முதல் 400 மி.மீ. வரை போகும் ஒரே ஜூம் லென்ஸ் பெரும்பாலான இடங்களுக்குப் போதும். ஆசிய விமான நிறுவனங்கள் பலவற்றில் கைப்பை வரம்பு 7 கிலோ என்பதால், இரண்டாவது பெரிய லென்ஸை எடுத்துப்போவது தலைவலி. உதிரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் இருக்க வேண்டும். சரக்குப் பெட்டியில் வைக்க அனுமதி இல்லை. 100 வாட்-மணி வரை கேள்வி கேட்க மாட்டார்கள். கேமரா பேட்டரி பொதுவாக 15 வாட்-மணி அளவே.

ஜெட் விமானத்துக்கு 1/1000 நொடி ஷட்டர் பாதுகாப்பான தொடக்கம். புரொப்பெல்லர் விமானத்துக்கு அதே வேகத்தை வைத்தால் இறக்கைத் தகடுகள் உறைந்துபோய், எஞ்சின் நின்ற விமானம் ஆகாயத்தில் தொங்குவது போலிருக்கும். ஏடிஆர் 72 விமானத்தின் புரொப்பெல்லர் முழு வேகத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1200 முறை சுற்றும், அதாவது நொடிக்கு 20 சுற்று. அதற்கு ஆறு தகடுகள். ஒன்றுக்கொன்று 60 பாகை இடைவெளி. 1/125 நொடியில் தகடு ஏறத்தாழ 58 பாகை நகர்ந்துவிடும், அதனால் வட்டம் முழுவதும் மெல்லிய திரையாக நிறையும். அந்த வேகத்தில் கை ஆடாமல் விமானத்தோடு சேர்ந்து இடுப்பைத் திருப்பப் பழகுவதற்குச் சில நாள் ஆகும். ஊரில் சாலையோரம் நின்று பேருந்துகளை எடுத்துப் பழகிவிட்டுப் போகலாம்.

மேகமூட்டமான நாளில் வெளிறிய வானத்தைக் கேமரா அதிக வெளிச்சம் என்று எண்ணி, விமானத்தைக் கரும்படமாக்கிவிடும். எக்ஸ்போஷரை முக்கால் அல்லது ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும். கருமேகத்துக்கு முன்னே வெயிலில் மின்னும் வெள்ளை விமானத்துக்கு அதற்கு நேர்மாறாகக் குறைக்க வேண்டும். குறைக்க மறந்தால் விமானத்தின் பெயர் எழுதிய இடம் வெளுத்துப்போய் மீட்க முடியாமலாகும்.

விமானத்துக்குள்ளிருந்து எடுப்பதற்கு இறக்கைக்கு முன்னாலுள்ள சன்னல் இருக்கை சிறந்தது. பின்னால் உட்கார்ந்தால் எஞ்சின் வெளியேற்றும் சூடான காற்று காட்சியைக் குழப்பிவிடும். போலரைசர் வடிகட்டியைக் கழற்றிவிட வேண்டும். சன்னலின் அக்ரிலிக் பலகையோடு சேர்ந்து அது வானவில் பட்டைகளை உண்டாக்கும். லென்ஸைக் கண்ணாடிக்கு மிக அருகே, ஆனால் ஒட்டாமல் பிடிக்க வேண்டும், ஒட்டினால் அதிர்வு ஏறும். கறுப்புச் சட்டை அணிந்து போனால் சன்னலில் தம் பிம்பமே விழாது. சிப்பந்திகளை அவர்கள் சம்மதமின்றி எடுப்பதைப் பல நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை. சன்னலோரத்தில் போர்டிங் பாஸை வைத்துப் பின்னணியில் விமானம் தெரிய எடுத்து ஊருக்கு அனுப்பும் வழக்கமும் இருக்கிறது. அதிலுள்ள கோட்டுக் குறியீட்டில் பயணியின் பெயரும் முன்பதிவு எண்ணும் அடங்கியிருப்பதால் அதைக் கையால் மறைத்துக்கொள்வது நல்லது.

எதை எடுப்பது என்று முடிவு செய்யும்போது, இனி வராதவற்றுக்கு முன்னுரிமை தரலாம். கடைசி ஏ380 2021 டிசம்பரில் எமிரேட்ஸ் நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது. கடைசி 747 2023 ஜனவரி 31 அன்று அட்லஸ் ஏர் சரக்கு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன் 747களை 2020இலேயே நிறுத்திவிட்டது. பயணிகளோடு பறக்கும் 747ஐ எடுக்க விரும்புபவருக்கு லுஃப்தான்சாவின் தாயகமான ஃபிராங்க்ஃபர்ட் இன்னும் நல்ல இடம். பறப்பதைத் தவறவிட்டவருக்குப் பாரீஸையொட்டிய லெ பூர்ஜே அருங்காட்சியகத்தில் 747, ஏ380, இரண்டு கான்கார்டுகள் எல்லாம் நிற்கின்றன. துலூஸ் நகரின் ஏரோஸ்கோப்பியா, சியாட்டில் நகரின் மியூசியம் ஆஃப் ஃப்ளைட் இரண்டும் அதே வகை. முதன்முதலில் பறந்த 747 இருப்பது சியாட்டிலில். மான்செஸ்டர் நிலையத்தின் பார்வையாளர் பூங்காவில் ஒரு கான்கார்டும், வேலிக்கு மேலாக லென்ஸைப் பிடிக்கத் தோதாக எழுப்பிய மண்மேடுகளும் உண்டு. அங்கே ஒரே மதியத்தில் நின்ற விமானம், ஓடும் விமானம் இரண்டையும் முடித்துக்கொள்ளலாம்.

ஊர் திரும்பியதும் படங்களைத் தேதி, இடம், விமானத்தின் பதிவு எண் மூன்றோடும் சேமிக்க வேண்டும். பதிவு எண்ணின் முன்னெழுத்து நாட்டைச் சொல்லும்: இந்தியாவுக்கு விடி, சிங்கப்பூருக்கு 9வி, மலேசியாவுக்கு 9எம், இலங்கைக்கு 4ஆர், அமீரகத்துக்கு ஏ6. நிறுவனத்தின் பெயரும் வண்ணமும் மாறலாம், விமானம் கைமாறி வேறு நாட்டுக்குப் போகலாம். போனால் பதிவு எண்ணும் மாறும். அதனால், படம் எடுத்த நாளில் அதன் மேலிருந்த எண்ணை அன்றே எழுதிவைப்பது பின்னால் தேடும் வேலையை மிச்சப்படுத்தும்.